நேர்த்தி உங்கள் உடம்பில் இருக்கட்டும்

வடமராட்சியிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றை நேராகக் கேட்டிருக்கிறீர்கள்: நாலரை வயது மகனைச் சந்நிதி முருகன் கோயிலுக்குக் கொண்டுபோவதா, கிளினிக்குக்குக் கொண்டுபோவதா? மற்றதை நன்றி சொல்லி முடித்த பிறகு ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்: இது ஆருடைய வினை? முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போங்கள். சந்நிதிக்கு எப்போதும்போலப் போங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. வேறு பல தாய்மாரும் இதையே கேட்பதால், உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை, ஆனால் பாண் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கை முனையில் கேட்டாலே படலைக்கு ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மணிக்கணக்காகச் சில்லைச் சுற்றுகிறான். வெறும் புட்டு என்றால் தின்கிறான், குழம்பு ஒரு துளி பட்டாலும் கோப்பையைத் தள்ளுகிறான். ஒன்றரை வயதில் 'அம்மா', 'தண்ணி' என்று சொன்னவன் பிறகு அந்தச் சொற்களையும் விட்டுவிட்டான். இது ஓட்டிசமா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. கடிதத்தைப் படித்துவிட்டு எவரும் சொல்லக் கூடாது. ஆனால் பேசிய சொற்களைப் பிள்ளை கைவிட்டது என்ற ஒன்றே போதும், இனியும் நாள் தள்ளாமல் காட்டுவதற்கு.

தீர்ப்புச் சொல்ல உங்கள் வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. "தேப்பனும் அஞ்சு வயசிலதான் வாய் திறந்தவன், பொறு" என்கிறா மாமி. குறிப்பைப் பார்த்த சாத்திரியார் சனி மாறட்டும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது நாவூறு. கட்டாரில் நிற்கும் உங்கள் அவர், அம்மா சொல்லுறபடி செய் என்று வட்ஸ்அப்பில் சொல்கிறார். லண்டன் அண்ணா கோயில் குளத்தையும் விடு, தமிழையும் விடு, இங்கிலிஷில் மட்டும் கதை என்கிறார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும், அண்ணாவைத் தவிர மற்ற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: காத்திரு.

இந்தக் காத்திருப்பு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. டமாரா டேலி என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்திய நகரங்களில் ஓட்டிசப் பிள்ளைகளின் பெற்றோரைச் சந்தித்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கப் பெற்றோரைவிட ஆறு முதல் பத்து மாதம் பிந்தியே இந்தியப் பெற்றோர் ஏதோ வித்தியாசம் என்று உணர்கிறார்கள் என்பது அதில் ஒரு முடிவு. எனக்குப் பிடித்தது அதிலுள்ள மற்றச் செய்தி. அமெரிக்கத் தாய்க்கு முதலில் பட்டது பேச்சும் வளர்ச்சியும் பிந்துவது. இந்தியத் தாய்க்கு முதலில் பட்டது பிள்ளை ஆட்களோடு ஒட்டாதது. ஆண்பிள்ளை பிந்திப் பேசும் என்ற நம்பிக்கை எங்களிடம் ஊறியது, அதனால் பேச்சு வராதது கண்ணில் படுவதில்லை. ஆனால் அம்மம்மாவின் மடியில் ஏறாத பிள்ளை, பெரியப்பா கை நீட்டினால் போகாத பிள்ளை எங்கள் வீடுகளில் உடனே கண்ணில் படும். உங்கள் மாமியும் அதைக் கண்டிருப்பா. என்னவென்று சொல்லத் தெரியாமல் இருந்திருப்பா.

'அஞ்சு வயசு' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு பங்கு குமரகுருபரரிடமிருந்து. பதினேழாம் நூற்றாண்டு, ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயதுவரை பேசாத பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் முருகன் சந்நிதியில் கிடந்தார்கள், பிள்ளை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. யாழ்ப்பாணத்தில் பேச்சுப் பிந்திய எந்தப் பிள்ளையின் வீட்டிலும் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு அந்தக் கதையில் குறையில்லை. அதைச் சொல்கிறவர்கள் முடிவை மட்டும் சொல்கிறார்கள் என்பதுதான் குறை. முதல் பாதியைப் பாருங்கள். அந்தப் பெற்றோர் பிள்ளையை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவில்லை. விருந்தாளி வரும்போது பின் வளவுக்கு அனுப்பவில்லை. பேசாத பிள்ளையை எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு போய், சனம் நிறைந்த கோயிலில் நாள் நாளாக வைத்திருந்தார்கள். இன்றைய யாழ்ப்பாணத்தில் எத்தனை குடும்பம் அந்த முதல் பாதியைச் செய்கிறது?

கீரிமலைக் கதையும் அப்படித்தான். குதிரை முகத்தோடிருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அந்தத் தீர்த்தத்தில் ஆடி முகம் மாறி, மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எழுப்பினாள் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். முகம் மாறியதையே எல்லோரும் பிடித்துக்கொண்டோம். அரசன் மகள் அந்த முகத்தோடுதான் பரிவாரம் சூழக் கடல் கடந்து வந்தாள், அந்த முகத்தோடுதான் ஊர் அவளுக்குக் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தது.

இனி உங்கள் ஓரத்துக் கேள்விக்கு வருகிறேன். அதை எழுதிய கை நடுங்கியிருக்கிறது, எழுத்தில் தெரிகிறது. கலியாணத்துக்கு முன் நேர்ந்த ஒரு நேர்த்தியை முடிக்காமல் விட்டதும், வயிற்றில் பிள்ளையோடு ஒரு செத்தவீட்டுக்குப் போனதும் காரணமாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

ஊர் சொல்லும் வினைக்கணக்கும் சைவம் சொல்லும் வினைக்கணக்கும் ஒன்றல்ல. சித்தாந்தத்தில் கன்மம் ஒவ்வோர் உயிரோடும் தனித்தனியே ஒட்டியது. தாயின் கடனைப் பிள்ளையின் பேரில் எழுதும் ஏற்பாடு அதில் இல்லை. பிள்ளையின் பழைய கணக்கு என்னவென்று வாசிக்கும் அதிகாரம் சாத்திரியாருக்கும் இல்லை, அயலட்டைக்கும் இல்லை. ஆறுமுக நாவலர் பிறந்த மண் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். உயிர்ப்பலியையும் சிறுதெய்வ வழிபாட்டையும் கண்டித்து அவர் எழுதிய ஊரில், பிள்ளை பேசவில்லை என்றால் முதலில் கட்டுக் கேட்கத்தான் ஓடுகிறார்கள்.

பாசையூரிலும் குருநகரிலும் இருக்கும் கிறிஸ்தவத் தாய்மாருக்கும் சேர்த்து ஒன்று. யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் உங்கள் கேள்வி அப்படியே வருகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்பது இயேசுவின் பதில். இதைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்தும், சாபம் முறிக்க வேண்டும் என்று ஜெபக்கூட்டங்களுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு. சோனகதெரு முஸ்லிம் தாய்மார் இதை இறைவனின் சோதனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை பாவமறியாதது என்பதில் அவர்களுடைய மார்க்கத்துக்குச் சந்தேகமே இல்லை.

தாயைக் குற்றக்கூண்டில் ஏற்றியது எங்கள் சாத்திரியார் மட்டும் என்று நினைக்காதீர்கள். மேற்கத்தைய மருத்துவமும் அதைச் செய்தது. லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு ஓட்டிசத்துக்கு ஒரு பெயர் வந்தது. பிறகு பெரிய படிப்புப் படித்தவர்களே, தாயின் மனம் குளிர்ந்து கிடப்பதால்தான் பிள்ளை உள்ளே ஒடுங்குகிறது என்றார்கள். சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். அதைப் படித்துவிட்டு எத்தனை அமெரிக்கத் தாய்மார் உங்களைப்போல இரவில் படுத்திருந்து பழையதையெல்லாம் கிளறியிருப்பார்கள்! அந்தக் கதையை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் பேர்னார்ட் றிம்லண்ட். உளவியலாளர், ஓட்டிசப் பிள்ளையின் தகப்பனும்கூட. அவருடைய நூல் 1964இல் வந்தது. 1977இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கல் றட்டரும் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. மற்ற 10 சோடிகளில் அப்படி ஒரு சோடிகூட இல்லை. வளர்ப்பில் வருவதல்ல, பெரும்பாலும் பிறப்போடு வருவது என்பது அன்றிலிருந்து உறுதிப்பட்டுக்கொண்டே போகிறது.

இந்த வரியை எழுதும்போதே எனக்கு உங்கள் மாமியின் முகம் தெரிகிறது. பரம்பரை என்று ஒரு சொல் வந்தால் போதும், ஆருடைய பரம்பரை என்று அடுத்த கேள்வி வந்துவிடும். உங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா, சொந்தத்துக்குள்ளே முடித்ததாலா? மரபணு என்பது ஒரு பக்கத்து ஆட்களைப் பிடித்துக் குற்றம் சாட்டும் சாட்சி அல்ல. ஒன்றல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து நடக்கும் சங்கதி. சில பிள்ளைகளில் தாயிடமும் இல்லாத, தகப்பனிடமும் இல்லாத புது மாற்றமும் காரணமாகிறது.

உண்மையில் உங்கள் மாமி பயப்படுவது சனிக்கு அல்ல என்று நினைக்கிறேன். கடிதத்தின் நடுவில் ஒரு வசனம் இருக்கிறது: மூத்தவளுக்கு இப்ப பன்னிரண்டு, நாளைக்குச் சம்பந்தம் பேசேக்க என்ன சொல்லுறது என்று மாமி கேட்கிறா. எல்லாம் அங்கேதான் நிற்கிறது. பேச்சுப் பிந்தியது என்றால் அது கதை, மறந்துபோகும். கிளினிக் கொப்பியில் எழுதினால் அது பதிவு. யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசுகிறவர்கள் மூன்று தலைமுறை விசாரிப்பார்கள், அவ்வளவு தூரம் விசாரிக்கத் தரகருக்குக் காசு கொடுப்பார்கள். அதனால் வைத்தியம் பிந்துகிறது, பிந்துவதற்குச் சமயம் ஒரு மரியாதையான காரணத்தைக் கொடுக்கிறது. கோயிலுக்குப் போகிறோம் என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மனநல கிளினிக் வாசலில் நின்றால் கேட்பார்கள். மதம் எங்கள் பிள்ளைகளைப் பின்னுக்கு வைக்கிறது என்று லண்டன் அண்ணாமார் சொல்லும்போது எனக்கு உடன்பாடு வராதது இதனால்தான். பின்னுக்கு வைப்பது குடும்ப மானம். அது திருநீறும் பூசும், சிலுவையும் போடும், தொப்பியும் வைக்கும்.

கொரியாவில் போய்ப் பார்த்தவர் ஒருவர் இதையே எழுதியிருக்கிறார். றோய் றிச்சர்ட் கிறிங்கர் என்ற மானிடவியலாளர், தானும் ஓட்டிச மகளின் தகப்பன். அங்கே தாய்மார் பலர், பிள்ளைக்குத் தாயோடு ஒட்டுதல் குறைந்ததால் வந்த நோய் என்ற பெயரை விரும்பி ஏற்றார்களாம். அந்தப் பெயர் பழியைத் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் போடும். ஓட்டிசம் என்றால் குடும்பம் முழுவதற்கும் கறை, மற்றப் பிள்ளைகளின் கலியாணத்துக்கும் இடைஞ்சல். மூத்தவளுக்காக உங்களைக் குற்றவாளியாக நிற்கச் சொல்லும் வீட்டில் இருக்கும் உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறகு 2011இல், அவரும் சேர்ந்த ஆய்வுக் குழு கொரியாவின் ஒரு நகரில் 7 முதல் 12 வயது வரையான பிள்ளைகளிடையே தேடியது. நூற்றுக்கு 2.64 பேருக்கு ஓட்டிசம் இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தப் பெயரும் உதவியும் இல்லாமல் சாதாரண வகுப்புகளில் இருந்தார்கள். எங்கள் நாட்டில் பேராசிரியை ஹேமமாலி பெரேராவின் குழு 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட கணக்கு 93க்கு ஒன்று. அப்படியென்றால் உங்கள் மூத்தவளைக் கேட்டு வரப்போகும் வீட்டிலும் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருக்கக்கூடும், பெயர் சொல்லப்படாமல்.

யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொரு கோளாறு உண்டு, படிப்பு. எங்கள் பிள்ளையின் முதல் சோதனை பல்லு முளைத்தவுடனேயே நடக்கிறது. பல்லுக்கொழுக்கட்டை அன்று தட்டத்தில் புத்தகம், பேனை, நகை என்று பரப்பி வைத்து, எதை எடுக்கிறது பார்ப்போம் என்று குடும்பமே குனிந்து நிற்கும். பேனையை எடுத்தால் கைதட்டல். பிறகு ஏடு தொடக்கல், அதன்பின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், ரியூசன், ஏ.எல். இந்த வரிசையில் ஓட்டிசப் பிள்ளை இரண்டு விதமாக அகப்படுகிறது. பேச்சே இல்லாவிட்டால் மறைக்கப்படுகிறது. ஞாபகசக்தி கூடியதாக இருந்தால் கொண்டாடப்படுகிறது. மூன்று வயதில் வான் நம்பர் எல்லாம் வாசிக்கிறான், நாட்காட்டித் தேதியைச் சொல்கிறான், கெட்டிக்காரன்! தாகம் எடுத்தால் தண்ணி கேட்கத் தெரியாது என்பதை அந்தக் கைதட்டலில் யாரும் கவனிப்பதில்லை.

உங்கள் மகனும் கோயில் ஸ்பீக்கரில் கேட்டுத் தேவாரத்தை முழுதாகப் பாடுகிறான் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள். மாமி அதைத் தெய்வ அருள் என்கிறா. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஓட்டிசப் பிள்ளைகள் பலரிடம் காணப்படுவது. அதைச் சொல்லி உங்கள் சந்தோசத்தைக் கெடுக்க நான் வரவில்லை. அதைப் பயன்படுத்தச் சொல்லத்தான் வந்தேன். பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு அவனோடு சேர்ந்து பாடுங்கள். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். அவன் முகத்துக்கு நேரே இருந்து, பேசாமல் காத்திருங்கள். முதல் சில நாள் ஒன்றும் வராது, நீங்களே முடித்துவிடுங்கள். ஒரு நாள் அந்தச் சொல்லை அவன் போடுவான், போட்டபின் உங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் வேண்டியது. பிறகு அதே காத்திருப்பைத் தண்ணிச் செம்புக்கும் சைக்கிளுக்கும் கொண்டுவாருங்கள். பேச்சுச் சிகிச்சை செய்பவர்கள் இதே வழியைக் கையாள்வதுண்டு. தமிழில் அதைச் செய்யக்கூடியவர்கள் வடக்கில் மிகக் குறைவு. அவர்களிடம் முறை வரும்வரை வீட்டுப் படமாடத்துக்கு முன்னால் தொடங்கிவிடலாம்.

தமிழை விடச் சொன்ன அண்ணாவுக்கும் இங்கேயே பதில். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பல வருசமாக ஆசிரியர்களும் சில வைத்தியர்களும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள், ஒரு மொழியே கஷ்டம், இரண்டு எதற்கு என்று. மொன்றியலில் ஹாம்ப்லியும் ஃபொம்பொனும் இரண்டு மொழி கேட்டு வளரும் ஓட்டிசப் பிள்ளைகளை ஒரு மொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2012இல் எழுதினார்கள். இரண்டு மொழியால் கூடுதல் பின்னடைவு எதுவும் காணப்படவில்லை. அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாத வீட்டில் தமிழை எடுத்துவிட்டால், ஏற்கெனவே ஆட்களோடு கதைக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்குக் கதைக்க ஆளே இல்லாமல் போகும். ஸ்காபரோவில் தெற்காசியக் குடும்பங்களுக்கென்று கீதா மூர்த்தி தொடங்கிய ஓட்டிச நிலையம் ஒன்று இயங்குகிறது. அங்கும் ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்ற பயம் கடல் தாண்டி வந்திருக்கிறது என்பதை அண்ணாவுக்குச் சொல்லிவையுங்கள்.

கோயிலுக்கு வருவோம். உங்களைக் கோயிலை விடச் சொல்ல எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. எங்கள் ஊர் மனநல மருத்துவத்துக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் உடைத்துப்போட்ட மனிதர்களை வருசக்கணக்காகப் பார்த்தவர் அவர், தூக்குக் காவடியையும் நேர்த்தியையும் மூடத்தனம் என்று ஒதுக்கவில்லை, சனம் வலியைத் தாங்கிக்கொள்ளும் வழிகளாகவே எழுதினார். ஓட்டிசப் பிள்ளையின் தாய்க்கும் தாங்கிக்கொள்ள ஒரு வழி வேண்டும். சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பேசாமல் கும்பிடுவது அங்கே குறையல்ல.

ஆனால் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். நேர்த்தி உங்கள் உடம்பில் இருக்கட்டும், பிள்ளையின் உடம்பில் வேண்டாம். கந்தசட்டி ஆறு நாளும் இளநீரோடு இருந்தேன் என்கிறீர்கள். உங்கள் விருப்பம், பிள்ளையின் பின்னால் ஓட உடம்பில் தெம்பு மிஞ்சினால் சரி. கற்பூரச்சட்டி எடுக்கிறீர்களா, எடுங்கள். உங்கள் அவர் லீவில் வந்து நல்லூர் வீதியில் பிரதட்டை செய்கிறாரா, செய்யட்டும். மொட்டை அடிக்கும்போது நாலு பேர் அமத்திப் பிடிக்கவேண்டி வந்தால் அந்த நேர்த்தியைப் பணமாகக் கட்டிவிடுங்கள், முருகன் கணக்குப் பார்க்கமாட்டான். நூல் கட்டினால் பிடுங்கி எறிகிறான் என்றால் கட்டாதீர்கள். பார்வை பார்க்கிறவர் வேப்பிலையால் தடவுவதோடு நின்றால் நட்டமில்லை. புகை போடுவது, தட்டுவது, பட்டினி போடுவது, ஒரு இரவு இங்கே விட்டிட்டுப் போ என்பது, இதில் எது வந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி இராமநாதபுரம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய விடுதிகளில் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. நம்பி வந்த குடும்பங்கள்.

திருநீறு விசயத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நானே கேட்டிருப்பேன். நெற்றியில் பூசப் போனால் கத்திக்கொண்டு ஓடுகிறான், அதனால் ஏதோ பிடித்திருக்கிறது, கழிப்புக் கழிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னாராம். ஓட்டிசப் பிள்ளைகள் பலருக்குத் தொடு உணர்வு கூர்மையானது. உலர்ந்த பொடி நெற்றியில் தேய்வதை அவர்களால் பொறுக்க முடியாது. குழம்பு பட்ட கோப்பையைத் தள்ளுவதும் நகம் வெட்ட விடாததும் இதே காரணமாக இருக்கலாம். பேய்க்குத் திருநீறு ஆகாது, பிள்ளைக்கும் ஆகவில்லை, ஆகவே பேய் என்று கணக்குப் போடுகிறவரிடம், பிள்ளைக்குக் குழம்பும் ஆகவில்லை, அதற்கு எந்தப் பேய் என்று கேளுங்கள். திருநீற்றை அவன் உள்ளங்கையில் வையுங்கள். பூசினால் பூசட்டும், ஊதினால் ஊதட்டும்.

கூட்ட நாளில் போகாதீர்கள். தவில் தொடங்கும்போது காதைப் பொத்துகிறான் என்றால் அந்தச் சத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை. சந்நிதியில் வெள்ளிக்கிழமை தவிர்த்த ஒரு காலை, நல்லூரில் திருவிழாவின் 25 நாளும் முடிந்தபின் ஒரு வேலைநாள் பூசை. நல்லூரில் பூசை நேரம் தவறாது. அடுத்தது என்ன என்று தெரிந்திருப்பதை இந்தப் பிள்ளைகள் விரும்புவார்கள், அதனால் ஒரே நேரம், ஒரே வாசல், ஒரே வழியாகச் சுற்றி வாருங்கள். சேட்டைக் கழற்றி எறிகிறான் என்று முறைப்பட்டிருக்கிறீர்கள். ஆம்பிளைப் பிள்ளை மேல்சட்டை இல்லாமல் நிற்கலாம், நிற்கவே வேண்டும் என்ற இடம் கோயில் ஒன்றுதான். அன்னதான மடத்தில் சோற்றையும் கறியையும் சேர்க்காமல் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

சமயம் இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு விதத்திலும் உதவியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையை 2004இல் தொடங்கியவர் ஆறு. திருமுருகன், சமயச் சொற்பொழிவுக்குப் பெயர்போனவர். கோயிலுக்குக் கோபுரம் கட்டக் காசு தரும் புலம்பெயர்ந்த ஆட்களிடமே அவர் இந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் கேட்டார், கொடுத்தார்கள். கைதடியில் செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை திருச்சபையார் வழி வந்தது. உங்கள் கோயில் பரிபாலன சபையில் அடுத்த வருசத் தேருக்கு நிதி சேர்க்கும்போது, ஒரு நாள் உபயம் இந்தப் பிள்ளைகளின் பேரில், ஸ்பீக்கர் இல்லாமல், சன நெரிசல் இல்லாமல் நடத்த முடியுமா என்று ஆராவது கேட்கவேண்டும். சபையில் பொம்பிளைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாமனாரைக் கொண்டு கேளுங்கள்.

கடைசியாகக் கிளினிக். மந்திகை ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், பாண் ஓட்டோவுக்கு ஓடுகிறான் என்றாலும் அது செய்யப்பட வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். பிறந்ததிலிருந்து மிட்வைவ் எழுதிய பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுபோங்கள். அவன் சில்லுச் சுற்றுவதையும், கூப்பிட்டால் திரும்பாததையும், தேவாரம் பாடுவதையும் போனில் எடுத்து வையுங்கள், டொக்டர் பார்க்கும் பத்து நிமிசத்தில் பிள்ளை எதுவும் செய்யாமல் கதிரைக்குக் கீழே புகுந்துவிடும். எந்த மாதத்தில் எந்தச் சொல்லை விட்டான் என்று ஞாபகமுள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். கட்டாருக்குக் கோலைப் போட்டு, டொக்டர் சொல்வதை அவரும் கேட்க அனுமதி வாங்குங்கள்.

தனியப் போகாதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிப் போகாதீர்கள். மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் உங்களிடம் சொல்வது வீட்டுக்கு வரும்போது உங்கள் சொல்லாகிவிடும், மருமகளின் சொல்லுக்கு அங்கே எடை குறைவு. பொறு என்று சொன்னவவே கதிரையில் இருந்து கேட்கட்டும். அவவுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது: தன் மகன் ஐந்து வயதுவரை பேசவில்லை என்பது. அதை வைத்தியர் கட்டாயம் கேட்பார், அதற்குப் பதில் சொல்லக்கூடியவ அவ ஒருத்திதான். குடும்பத்தில் முன்பு யாருக்காவது பேச்சுப் பிந்தியதா என்ற அந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பஸ்ஸில் போகும்போதே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா